சேயை வைத்துத் தாயைத் தேடுவது: ஃபார்ம் ஃபில்டருக்கு எந்த வழி, எப்போது?

ஒரு நூலகத்துக்கு டேட்டாபேஸ் செய்து கொடுத்திருக்கிறீர்கள். ஃபார்மின் மேல்பாதியில் உறுப்பினரின் பெயர், முகவரி, தொலைபேசி எண். கீழ்ப்பாதியில், சப்ஃபார்மில், அவர் இரவல் எடுத்த புத்தகங்கள்: எடுத்த நாள், தர வேண்டிய நாள், திரும்பிய நாள். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அப்புறம் ஒரு நாள் அதைப் பயன்படுத்துகிறவர் வந்து கேட்கிறார்: "புத்தகம் திருப்பித் தராதவங்களை மட்டும் காட்ட முடியுமா?"

கேட்பவருக்கு அது ஒரு வரிக் கேள்வி. செய்பவருக்குத்தான் சிக்கல். "திரும்பிய நாள்" என்ற ஃபீல்டு இரவல் டேபிளில் இருக்கிறது. மெயின் ஃபார்ம் உட்கார்ந்திருப்பதோ உறுப்பினர் டேபிளின் மேல். மெயின் ஃபார்மின் ஃபில்டரில் அந்த ஃபீல்டின் பெயரை எழுதிப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்றால் இது யாரோ தர வேண்டிய மதிப்பு என்று நினைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து உங்களையே கேட்கும். சரி, சப்ஃபார்மில் ஃபில்டர் போடலாம் என்றால், உறுப்பினர்கள் அத்தனை பேரும் அப்படியே இருப்பார்கள்; பாதிப் பேருக்குக் கீழே கட்டம் காலியாக இருக்கும். அம்புக்குறியை அழுத்தி அழுத்தி, கட்டம் காலியாக இல்லாதவரைத் தேட வேண்டியதுதான்.

உறுப்பினர் டேபிள் தாய், அதோடு இணைந்த இரவல் டேபிள் சேய். தாய் டேபிளை சேய் டேபிளில் உள்ள ஒரு நிபந்தனையால் வடிகட்டுவதுதான் நம் வேலை. வழிகள் ஏழெட்டு உண்டு. ஒவ்வொன்றையும் நான் மூன்று கேள்விகளால் எடை போடுவேன். ஒரு தாய் ஒரே ஒரு முறைதான் வருகிறாரா? வடிகட்டிய பிறகும் ஃபார்மில் திருத்த முடிகிறதா? அதன் பிறகுதான் வேகம். வேகத்தை முதலில் வைத்துப் பேசுகிற ஒப்பீடுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஃபார்ம் என்பது அறிக்கை போல் பார்த்துவிட்டு மூடுவதற்கானது இல்லையே. அதில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிறார். விடை வேகமாக வந்தும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாவிட்டால் அவருக்கு என்ன பயன்?

ஏழு வரியில் மொத்தப் பிரச்சினையும்

எந்த ஃபில்டரையும் நான் முதலில் ஒரு சின்னத் தரவில்தான் ஓட்டிப் பார்ப்பேன். நீங்களும் இதைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் நான்கு பேர்: 101, 102, 103, 104. இரவல் வரிகள் ஏழு. 101க்கு மூன்று வரிகள். ஒன்று திரும்பிவிட்டது, இரண்டு திரும்பவில்லை. 102க்கும் மூன்று, மூன்றும் திரும்பிவிட்டன. 103க்கு ஒன்றே ஒன்று, அதுவும் திரும்பவில்லை. 104 சேர்ந்ததோடு சரி, இன்னும் ஒரு புத்தகமும் எடுக்கவில்லை.

திருப்பித் தராதவர்கள் யார்? 101, 103. இரண்டு பேர். இந்த "இரண்டு" என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

ஜாயின்: எல்லோர் கையும் முதலில் போகிற இடம்

இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து (பொருந்தும் வரிகளை ஜோடி சேர்த்து), திரும்பிய நாள் காலி என்று நிபந்தனை வைத்து, அந்தக் குவரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, ஃபார்முக்கு மூலமாகக் கொடுப்பது. ஓட்டினால் மூன்று வரிகள் வரும். 101 இரண்டு முறை, 103 ஒரு முறை. ஃபார்மின் அடியில் "3இல் 1" என்று நிற்கும். அம்புக்குறியை ஒரு முறை அழுத்தினால் மறுபடியும் அதே உறுப்பினர், அதே முகவரி. பயன்படுத்துகிறவர் பட்டன் வேலை செய்யவில்லை என்றுதான் நினைப்பார்.

ஜாயின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பொருந்துகிற ஒவ்வொரு ஜோடியையும் தரச் சொன்னோம், தந்துவிட்டது. நமக்கு வேண்டியது ஜோடி இல்லை, ஆள். திரும்பாத புத்தகம் அவர் பேரில் இருக்கிறதா, இல்லையா என்ற விடை மட்டும் போதும்.

ஒருமுறை இப்படிப்பட்ட ஜாயினை அப்படியே நினைவூட்டல் கடிதம் அச்சிடக் கொடுத்துவிட்டேன். ஐந்து புத்தகம் வைத்திருந்தவருக்கு ஒரே கடிதம் ஐந்து முறை போனது. அவர் கோபப்பட்டது முழுக்க நியாயம். அன்றிலிருந்து தாய்களின் எண்ணிக்கையைத் தனியாக எண்ணிப் பார்க்காமல் எந்த ஃபில்டரையும் நான் வெளியே விடுவதில்லை.

இரட்டிப்பைப் பார்த்ததும் அடுத்து எல்லோரும் செய்வது, ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்ட் (DISTINCT) சேர்ப்பது. எண்ணிக்கை சரியாகிவிடும்: இரண்டு. ஆனால் 103இன் தொலைபேசி எண்ணைத் திருத்தப் போனால் விசை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பல வரிகளைச் சுருக்கி ஒன்றாக்கிய பிறகு, எந்த வரியில் போய் மாற்றத்தை எழுதுவது என்று ஆக்சஸுக்குத் தெரியாது. அதனால் மொத்தத்தையும் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுகிறது. வரிகளைக் குழுவாக்கும் குரூப் பை (GROUP BY) போட்டாலும் இதே கதை. இன்னொரு தொல்லையும் உண்டு, இது சத்தமில்லாமல் நடக்கும்: டிஸ்டிங்க்டோ குரூப் பையோ ஒரு நீண்ட உரை ஃபீல்டின் மேல் விழுந்தால், ஆக்சஸ் அதை 255 எழுத்தோடு வெட்டிக் காட்டும். உறுப்பினரைப் பற்றி யாரோ பொறுமையாக எழுதிவைத்த குறிப்பு பாதியில் நின்றுபோயிருக்கும். தரவு டேபிளில் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் ஃபார்மைப் பார்ப்பவர் வயிற்றில் புளியைக் கரைத்துவிடும்.

ஆக்சஸிலேயே டிஸ்டிங்க்ட்ரோ என்று ஒரு சொல் இருக்கிறது. அது காட்டுகிற ஃபீல்டுகளை ஒப்பிடாமல் மூல டேபிளின் பதிவு முழுவதையும் ஒப்பிட்டு இரட்டிப்பை நீக்கும், திருத்தவும் விடும். தாய் டேபிளின் ஃபீல்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால்தான் அது பலிக்கும். ஒரே ஒரு சேய் ஃபீல்டை ஆசைப்பட்டு உள்ளே சேர்த்தாலும் பலன் போய்விடும். ஏற்கெனவே ஜாயினில் ஓடிக்கொண்டிருக்கும் ஆக்சஸ் ஃபார்மைச் சீக்கிரம் சரிசெய்ய வேண்டுமா, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் இது ஆக்சஸின் சொந்தச் சரக்கு. நாளைக்குக் குவரியை போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற வேறு டேட்டாபேஸுக்குக் கொண்டுபோனால் அங்கே இந்தச் சொல்லுக்கு இடமில்லை.

இன் (IN), எக்ஸிஸ்ட்ஸ் (EXISTS): நான் பரிந்துரைப்பது

மெயின் ஃபார்மின் மூலத்தைத் தொடாமல், உறுப்பினர் டேபிளாகவே விட்டுவிடுங்கள். நிபந்தனையை மட்டும் ஒரு உட்குவரியாக (குவரிக்குள் வைக்கும் குவரியாக) எழுதி ஃபில்டரில் வையுங்கள். இன் என்பதைக் கொண்டு எழுதினால் அது சொல்வது இதுதான்: "இந்த உறுப்பினரின் எண், திரும்பிய நாள் காலியாக இருக்கும் இரவல் வரிகளிலுள்ள உறுப்பினர் எண்களில் ஒன்றாக இருக்க வேண்டும்." எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு எழுதினால்: "இந்த உறுப்பினரின் எண்ணோடு, திரும்பிய நாள் காலியாக, இரவலில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்."

இரண்டுமே 101, 103 என்று இரண்டு பேரைத் தரும். 101க்கு இரண்டு புத்தகம் இருந்தாலும் இருபது இருந்தாலும் அவர் ஒரு முறைதான் வருவார், ஏனென்றால் வரிசை கட்டி நிற்பது உறுப்பினர் டேபிள் மட்டுமே. இரவல் டேபிள் ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதோடு சரி. ஃபார்மின் மூலம் ஒற்றை டேபிளாக இருப்பதால் எந்த ஃபீல்டையும் திருத்தலாம், புது உறுப்பினரைச் சேர்க்கலாம், நீண்ட குறிப்பும் வெட்டுப்படாது. தொடர்புசார் இயற்கணிதத்தில் இதற்கு செமி ஜாயின் என்று பெயர். பெயர் தெரியாமலே பலரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டில் எது? "இருக்கிறது" என்ற கேள்விக்கு எது கைக்கு வருகிறதோ அது. போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் மூன்றும் பெரும்பாலும் இரண்டையும் ஒரே திட்டமாக மாற்றித்தான் ஓட்டுகின்றன. மைஎஸ்க்யூஎல்லில் மட்டும் ஒரு பழைய வடு உண்டு. 5.6 பதிப்புக்கு முன்பு இன் உட்குவரியை அது தாய் வரி ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்ப ஓட்டும்; "இன் போடாதே, மெதுவாகும்" என்ற அறிவுரை பரவியதற்கு அது பெரிய காரணம். 5.6இல் இன்னுக்கும், 8.0.16இல் எக்ஸிஸ்ட்ஸுக்கும் செமி ஜாயின் வந்துவிட்டது. அறிவுரைதான் இன்னும் ஓய்வு பெறவில்லை.

எண்ணிக்கை சார்ந்த கேள்விகளில் இன்னுக்கு ஒரு கூடுதல் வசதி. "மூன்று புத்தகத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள்" என்று கேட்டால், உட்குவரிக்குள் குரூப் பை வைத்து, ஹேவிங் (HAVING) என்ற குழு நிபந்தனையில் எண்ணிக்கையைச் சோதித்து, உறுப்பினர் எண்ணை மட்டும் வெளியே விடலாம். குரூப் பை உள்ளே அடைந்து கிடப்பதால் ஃபார்ம் பூட்டிக்கொள்ளாது. இதையே மொத்தம் கூட்டுகிற ஒரு குவரியைத் தனியாகச் சேமித்து அதோடு ஜாயின் செய்தால் ஆக்சஸ் ஃபார்ம் முழுவதும் படிக்க மட்டும் ஆகிவிடும். விடை ஒன்றே, எழுதுகிற இடம் மாறியதில் வந்த வித்தியாசம் அது.

வேகம் பற்றிச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான், ஆனால் அது முக்கியமானது. இரவல் டேபிளிலுள்ள உறுப்பினர் எண்ணுக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சஸில் இரு டேபிளுக்கும் உறவு வரைந்து, அதைக் கட்டாயமாக்கியிருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இன்டெக்ஸ் உருவாகியிருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி எஞ்சினும் ஃபாரின் கீ என்ற உறவுக் கட்டுப்பாடு வைத்தால் தானே உருவாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் மூன்றிலும் நீங்கள்தான் போட வேண்டும். ஃபார்ம் மெதுவாகத் திறக்கிறது என்று எக்ஸிஸ்ட்ஸை இன்னாகவும் இன்னை ஜாயினாகவும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துவிட்டு, கடைசியில் இன்டெக்ஸ் போட்டதும் சரியான கதைதான் அதிகம்.

"இல்லாதவர்கள்" என்று கேட்டால்

இங்கேதான் வழிகளுக்குள் உண்மையான வித்தியாசம் தெரியும். "இதுவரை ஒரு புத்தகமும் எடுக்காதவர்கள்" என்று கேட்கிறார்கள். விடை 104. நாட் இன் எழுதுகிறீர்கள், 104 வருகிறது. மகிழ்ச்சி.

இப்போது இரவல் டேபிளில் எட்டாவதாக ஒரு வரியைச் சேருங்கள், உறுப்பினர் எண் காலியாக. யாரோ அவசரத்தில் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்காமல் சேமித்துவிட்டார், அவ்வளவுதான். அதே ஃபில்டரை மறுபடி ஓட்டுங்கள். ஒருவரும் வரமாட்டார்! 104 என்ற எண், "101, 102, 103, தெரியாத ஏதோ ஒன்று" என்ற பட்டியலில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? அந்தத் தெரியாத ஒன்று 104ஆகவே இருந்தால்? எஸ்க்யூஎல்லின் தர்க்கம் அப்படி யோசித்து, "தெரியவில்லை" என்று நின்றுவிடும். தெரியாதது ஃபில்டரைத் தாண்டாது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. காலி ஃபார்ம் மட்டும் வரும். பயன்படுத்துகிறவர் "அப்படிப்பட்டவர் யாருமில்லை போல" என்று நம்பிப் போய்விடுவார். நாட் எக்ஸிஸ்ட்ஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது 104க்கு ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் தேடும். காலி வரி பொருந்தாது, 104 வந்துவிடும்.

அதனால் "இருக்கிறது" என்பதற்கு இரண்டில் எதுவானாலும் சரி, "இல்லை" என்பதற்கு நாட் எக்ஸிஸ்ட்ஸ் மட்டுமே என்று கையைப் பழக்கிவிடுங்கள். நாட் இன்தான் வேண்டும் என்றால், உட்குவரிக்குள் உறுப்பினர் எண் காலியாக இல்லாத வரிகள் மட்டும் என்று கண்டிப்பாகச் சேருங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: சேய் இல்லாத தாயையும் விடாத லெஃப்ட் ஜாயின் செய்து, சேய்ப் பக்கம் காலியாக வந்த வரிகளை மட்டும் எடுப்பது. ஆக்சஸில் பொருந்தாதவற்றைத் தேடித் தரும் விஸார்டு இருக்கிறதே, அது எழுதிக் கொடுப்பது இதைத்தான். பொருந்தாத தாய் ஒரு முறைதான் வர முடியும் என்பதால் இரட்டிப்பு இல்லை. ஆக்சஸின் சொந்த எஞ்சினில் நாட் இன்னைவிட இது பெரும்பாலும் வேகமாகவும் ஓடும். ஆனால் "இந்த ஆண்டு ஒன்றும் எடுக்காதவர்கள்" என்று நிபந்தனை கூடும்போது கவனம் தேவை. ஆண்டு நிபந்தனையை வேர் (WHERE) பகுதியில் எழுதினால் எல்லாம் குழம்பிவிடும். காலியாக வந்த வரிக்கு ஏது ஆண்டு? முதலில் இந்த ஆண்டின் இரவல்களை மட்டும் தனிக் குவரியாக்கி, பிறகு அதோடு லெஃப்ட் ஜாயின் செய்ய வேண்டும்.

கேள்வியைக் காதால் கேட்பதிலும் பிழை வரும். "எடுத்ததையெல்லாம் திருப்பித் தந்தவர்கள்" என்று ஒருவர் கேட்டால், திரும்பிய நாள் காலியாக இல்லாத வரி இருக்கிறதா என்று எழுதத் தோன்றும். 101, 102 வருவார்கள். 101 இன்னும் இரண்டு புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறாரே! "எல்லாம்" என்ற சொல் வந்தால் அதைத் திருப்பிப் போட வேண்டும்: திரும்பாத வரி ஒன்றுகூட இல்லாதவர். இப்போது 102, 104 வருவார்கள். 104 ஒன்றுமே எடுக்கவில்லை, ஆகவே திருப்பாதது என்று அவரிடம் ஒன்றும் இல்லை, தர்க்கப்படி சரி. கேட்டவர் மனதில் 104 இருந்தாரா என்பது வேறு விஷயம். அதை நீங்கள் ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும். இல்லையென்றால், எடுத்த வரி ஒன்றாவது இருக்க வேண்டும் என்று இன்னொரு எக்ஸிஸ்ட்ஸ் சேர்த்தால் 102 மட்டும் நிற்பார்.

"ஒரு வருடமாக வராதவர்கள்" என்பதும் இதே வகை. கடைசி இரவலைத் தேடி, அதன் தேதியை ஒப்பிட்டு என்று சுற்றி வளைக்க வேண்டாம். எடுத்த வரி ஒன்றாவது உண்டு, கடந்த ஒரு வருடத்துக்குள் எடுத்த வரி ஒன்றுகூட இல்லை. இரண்டு வாக்கியம், இரண்டு எக்ஸிஸ்ட்ஸ், அதில் ஒன்றுக்கு முன்னால் நாட்.

"எல்லா" கேள்விகள் ஒன்றும் புதிதில்லை. தொடர்புசார் மாதிரியை 1970இல் முன்வைத்த எட்கர் காட், 1972இல் எழுதிய கட்டுரையில் வகுத்தல் என்றே ஒரு செயலை வரையறுத்திருக்கிறார். "இந்தப் பட்டியலிலுள்ள எல்லாப் புத்தகங்களையும் எடுத்தவர் யார்" என்ற வகைக் கேள்விக்கான கருவி அது. எஸ்க்யூஎல்லில் அதற்கென்று தனிச் சொல் கிடையாது. நாட் எக்ஸிஸ்ட்ஸுக்குள் இன்னொரு நாட் எக்ஸிஸ்ட்ஸ் வைத்துத்தான் எழுதுகிறோம்.

இரண்டு நிபந்தனை, ஒரே வரியா?

இன்னொரு கேள்வியையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். "அறிவியல் புத்தகம், திரும்பாதது" என்று ஃபார்மின் மேல் இரண்டு தேர்வுப் பெட்டிகள் இருக்கின்றன. திரும்பாத அறிவியல் புத்தகம் வைத்திருப்பவரா? அல்லது எப்போதோ ஓர் அறிவியல் புத்தகம் எடுத்தவர், இப்போது வேறு ஏதோ ஒன்றைத் திருப்பாமல் வைத்திருப்பவரா? முதலாவதற்கு இரு நிபந்தனையும் ஒரே உட்குவரிக்குள் இருக்க வேண்டும்; இரண்டாவதற்கு இரண்டு உட்குவரி. தேர்வுப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு உட்குவரி என்று நிரல் எழுதி ஒட்டவைத்தால், பயன்படுத்துகிறவர் கேட்காத இரண்டாவது விடைதான் வரும், அதுவும் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும்.

வலைப் பயன்பாடு எழுதுகிறவர்களுக்கும் இதே பள்ளம் உண்டு. ஜாங்கோ என்ற வலை நிரல் சட்டகத்தில் இரு நிபந்தனைகளையும் ஒரே ஃபில்டர் அழைப்புக்குள் கொடுத்தால் ஒரே சேய் வரிக்குப் பொருந்தும். ஃபில்டரை இரண்டு முறை அடுத்தடுத்து அழைத்தால் வெவ்வேறு சேய் வரிகளாக இருக்கலாம். போதாக்குறைக்கு ஜாங்கோ இதை ஜாயினாக எழுதுவதால் இரட்டிப்பும் வரும். லாராவெல் என்ற இன்னொரு சட்டகத்தில் வேர்ஹேஸ் (whereHas) எழுதினால் எக்ஸிஸ்ட்ஸாகவே போகும், அந்தத் தொல்லை இல்லை.

மற்ற வழிகள், சுருக்கமாக

வரிகளை எண்ணும் டிகவுன்ட் (DCount) போன்ற செயல்பாட்டை ஃபில்டரில் வைத்து, எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் காட்டு என்பது ஆக்சஸில் பலருக்குப் பிடித்த வழி. படிக்க எளிது, ஃபார்மைத் திருத்தவும் முடியும். ஆனால் தாய் வரி ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு எண்ணல் ஓடும். டேபிள் வேறொரு சர்வரில் இருந்தால் இன்னும் மோசம். இந்தச் செயல்பாடு சர்வருக்குப் புரியாது என்பதால் சோதனை முழுவதும் உங்கள் கணினியில்தான் நடக்கும். சில நூறு வரி உள்ள சொந்த உபயோகத்துக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

எண்களை முதலில் சேகரித்து, 101, 103 என்று கமா போட்டுக் கோத்து ஃபில்டராகக் கொடுப்பது. சோதனையில் அழகாக ஓடும், தரவு வளர்ந்ததும் சுவரில் முட்டும். ஆக்சஸ் குவரியின் மொத்த நீளம் ஏறத்தாழ 64,000 எழுத்து. ஆரக்கிளின் 23ai-க்கு முந்தைய பதிப்புகளில் இப்படிப்பட்ட பட்டியலுக்கு 1000 மதிப்புகள்தான். எஸ்க்யூஎல் சர்வரில் அளபுருவாக (ஒவ்வொரு மதிப்பையும் தனியாக) அனுப்பினால் 2100. எண்கள் வேறொரு டேட்டாபேஸிலிருந்து வருகின்றன, உட்குவரிக்கு வழியே இல்லை என்றால், பட்டியலாகக் கோக்காமல் ஒரு தற்காலிக டேபிளில் போட்டு, அதன்மேல் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள்.

உறுப்பினர் டேபிளிலேயே "திரும்பாதது உண்டு" என்று ஒரு ஆம்/இல்லை ஃபீல்டு வைத்துவிட்டால் என்ன? ஃபில்டர் எழுதுவது குழந்தை விளையாட்டாகிவிடும். வரி மாறும்போது தானாக ஓடும் ட்ரிக்கர் மூலமோ, ஆக்சஸ் 2010இலிருந்து வந்த டேட்டா மேக்ரோ மூலமோ இரவல் மாறும்போதெல்லாம் அதைப் புதுப்பிக்கலாம். திரும்பியதா என்ற கேள்விக்கு இது ஓடும். "தவணை தாண்டியதா" என்ற கேள்விக்கு ஓடாது. நேற்று இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு புத்தகத்தின் தவணை தாண்டியது. யாரும் எந்த வரியையும் தொடவில்லை. எந்த ட்ரிக்கரும் ஓடவில்லை. ஃபீல்டு இன்னும் "இல்லை" என்றே சொல்கிறது. காலம் சார்ந்த எதையும் இப்படிச் சேமித்து வைக்காதீர்கள். மற்றவற்றிலும், அளந்து பார்த்து உட்குவரி மெதுவாக இருப்பது உறுதியான பிறகு மட்டும்.

லிப்ரே ஆபிஸ் பேஸில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு வரி கொண்ட ஃபில்டர் டேபிள் ஒன்றைச் செய்து, வெளி ஃபார்மை அதன்மேல் வையுங்கள். பயன்படுத்துகிறவர் தேர்ந்தெடுப்பது அந்த வரியில் எழுதப்படும். உறுப்பினர் ஃபார்ம் அதற்கு உள் ஃபார்ம். அதன் குவரி ஒரு அளபுரு வழியாக அந்த மதிப்பை வாங்கி எக்ஸிஸ்ட்ஸுக்குள் பயன்படுத்திக்கொள்ளும். மேக்ரோ எழுதாமலே வேலை முடிந்துவிடும். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் மட்டும் ஆளுக்கொரு வரி வேண்டும். இல்லையென்றால் ஒருவர் தேர்ந்தெடுத்தது இன்னொருவர் திரையில் வந்து நிற்கும்.

ஃபில்டரா, ஃபார்மின் மூலமா?

உட்குவரியை எழுதியாயிற்று. அதை எங்கே வைப்பது? ஆக்சஸில் ஃபார்மின் ஃபில்டர் பண்பில் வைத்தால், பயன்படுத்துகிறவரே ஃபில்டர் பட்டனை அழுத்தி நீக்கலாம், மறுபடி போடலாம். ஃபார்மின் மூலமான குவரியையே மாற்றினால் அந்தப் பட்டனால் அதை நீக்க முடியாது. தற்காலிகமாகத் தேடிப் பார்க்கிற வேலைக்கு ஃபில்டர்தான் சரி. ஒரு பிரிவில் இருப்பவர் மற்றப் பிரிவின் பதிவுகளைப் பார்க்கவே தேவையில்லை என்பது போன்ற நிரந்தர எல்லைகளை மூலத்தில் வையுங்கள். எந்த இடமானாலும், ஃபில்டரை மாற்றும் முன், எழுதி முடிக்காத பதிவு இருந்தால் முதலில் சேமிக்கிற வரி நிரலில் இருக்கட்டும்.

தேதியைக் கோத்து எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆக்சஸின் எஸ்க்யூஎல்லில் கட்டக்குறிகளுக்கு (#) நடுவே எழுதும் தேதி மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில்தான் படிக்கப்படும். உங்கள் கணினியின் அமைப்பு நாளை முதலில் காட்டினாலும் அதற்குக் கவலை இல்லை. மார்ச் 4 என்று நினைத்து 4/3 என்று எழுதினால் ஏப்ரல் 3 ஆகிவிடும். 12க்கு மேல் உள்ள நாட்களில் சரியாக வருவதுபோலவே இருக்கும், அதனால்தான் இந்தப் பிழை மாதக்கணக்கில் பிடிபடாமல் கிடக்கிறது. ஆண்டு, மாதம், நாள் என்று எழுதிவிட்டால் எந்தக் குழப்பமும் இல்லை.

திரையில் உட்கார்ந்திருப்பவர் பக்கம்

ஃபில்டர் ஓடியது, 101 திரையில் நிற்கிறார். சப்ஃபார்மில் மூன்று புத்தகங்கள் தெரிகின்றன, திரும்பிய அந்த ஒன்றும் சேர்த்து. ஃபில்டர் தாயைத்தான் தேர்ந்தெடுத்தது. சேய்களை அது தொடவில்லை. சிலர் உடனே சப்ஃபார்மிலும் அதே நிபந்தனையைப் போட்டுவிடுவார்கள். நான் போடமாட்டேன். "போன மாதம் ஒன்று திருப்பினேனே" என்று உறுப்பினர் எதிரே நின்று சொல்லும்போது, அந்த வரி திரையில் இருக்க வேண்டும். திரும்பாத வரிகளுக்குப் பின்னணி நிறம் கொடுத்தால் போதும், கண் தானாக அங்கே போகும். மறைக்கத்தான் வேண்டும் என்றால் சப்ஃபார்முக்குத் தனியாக ஒரு பட்டன் வையுங்கள், அது அழுத்தப்பட்டிருப்பது பளிச்சென்று தெரியட்டும்.

இப்போது 103 புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். திரும்பிய நாளைத் தட்டி, சேமிக்கிறார்கள். அந்த நொடியிலிருந்து 103 ஃபில்டருக்குப் பொருந்தாதவர். ஆனாலும் திரையில் அப்படியே இருப்பார். அடுத்த முறை ஃபில்டர் ஓடும்போதுதான் மறைவார். இதைப் பிழை என்று நினைத்து, சேமித்தவுடன் ஃபார்மை மறுபடி ஓட்டுகிற நிரலை எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ஓட்டியதும் 103 மறைவார், ஃபார்ம் முதல் பதிவுக்குத் தாவும், மாறிய தொலைபேசி எண்ணையும் எழுதிவிடலாம் என்று மேலே போன விரல் 101இன் எண்ணை மாற்றிவிடும். "பட்டியலைப் புதுப்பி" என்று ஒரு பட்டன் வைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அவர்களே அழுத்திக்கொள்வார்கள்.